ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே, ஆர்த்தடாக்ஸ்: புதுச்சேரி, கடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பேச்சு, குழந்தைக்கு ஞானஸ்நானம், வீட்டில் ஒரு சாவு. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று வரும்போதுதான் சபை வேறுபாடு நினைவுக்கு வருகிறது. அதனால் கொள்கையோடு நடைமுறையையும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறோம். எந்தச் சபை சரி, எது தவறு என்ற வாதத்துக்குள் போகவில்லை.

"நீங்க ஆர்.சி.யா, கிறிஸ்டியனா?" என்று கேட்கிறார்களே, அது சரியான கேள்வியா?

இல்லை. ஆர்.சி. என்பது ரோமன் கத்தோலிக்கம்; உலகக் கிறிஸ்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அவர்கள்தான். கேட்பவர் மனதில் இருப்பது "கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா" என்பது. அப்படியே கேட்டுவிட்டால் யார் மனமும் நோகாது.

பெரிய கிளைகளைச் சொல்வதானால்: கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ் (இதற்குள்ளேயே இரண்டு தனிக் குடும்பங்கள்), புராட்டஸ்டண்ட் (லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரதரன் எல்லாம் இதில் அடங்கும்), அதிலிருந்து 20ஆம் நூற்றாண்டில் கிளைத்த பெந்தெகொஸ்தே. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்பது தனிக் கொள்கைக் கிளை இல்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒன்றாக இணைந்து உருவான திருச்சபை அது.

புதுச்சேரியில் திரும்பிய பக்கமெல்லாம் ஆர்.சி. கோயில். கடலூரில் மட்டும் லுத்தரன் சபை எப்படி வந்தது?

ஆட்சி செய்தவர்கள் வேறு, அவ்வளவுதான். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இயேசு சபையினர், கப்புச்சின் துறவிகள், பின்னர் பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் என்று வந்தவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர். மிஷன் வீதியில் இன்று நிற்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயம் (பேச்சில் சம்பா கோயில்) 1791இல் முடிந்தது. துய்மா வீதி கப்ஸ் கோயில் 1855இல் கட்டியது. ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள இருதய ஆண்டவர் கோயில் 1907இல் முடிந்து, 2011இல் பசிலிக்கா ஆனது.

கடலூரில் புனித டேவிட் கோட்டை ஆங்கிலேயக் கம்பெனியிடம் இருந்தது. தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்க் தொடங்கிய லுத்தரன் பணி வடக்கே பரவியபோது கடலூருக்கும் வந்தது. 1740இல் வந்த சுவீடன் நாட்டுப் போதகர் கியர்நாண்டர் 1758 வரை இங்கே இருந்தார். பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். அவர் லுத்தரன், அவருக்குப் பணம் அனுப்பியது லண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் சங்கம். ஊழியத்துக்கு வந்த இடத்தில் சபை வரம்பு அப்போதே இவ்வளவு நெகிழ்ந்துதான் இருந்தது. 1860களில் டென்மார்க் மிஷன் தென்னாற்காட்டில் வேலையைத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. லுத்தரன்கள் 1947 இணைப்பில் சேரவில்லை. கடலூரில் சி.எஸ்.ஐ.யும் லுத்தரனும் தனித்தனியாக இருப்பது அதனால்தான்.

கத்தோலிக்கத்தில் இரண்டு ஊரும் ஒரே உயர்மறைமாவட்டம். 1953 முதல் அதன் பெயரே "புதுவை–கடலூர்".

இத்தனை பிரிவு எப்போது, எதனால் வந்தது?

முதல் உடைப்பு 431, எபேசு சங்கம் (ஆயர்களின் பொதுக்கூட்டம்). மரியாளை "கடவுளின் தாய்" என்று சொல்லலாமா என்ற வழக்கில் பாரசீகப் பகுதித் திருச்சபை ஒதுங்கியது. அடுத்தது 451, கல்செதோன் சங்கம். கிறிஸ்துவில் இறையியல்பு, மனித இயல்பு என இரண்டும் கலக்காமல், பிரியாமல் இருக்கின்றன என்று சங்கம் தீர்மானித்தது. எகிப்து, சிரியா, அர்மேனியா, எத்தியோப்பியா திருச்சபைகள் "ஒன்றாய் இணைந்த ஒரே இயல்பு" என்ற பழைய சொல்லை விட மறுத்தன. கேரளத்து ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சபைகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இருதரப்பும் சொல்லவந்தது பெரும்பாலும் ஒன்றே என்று 1984இல் போப் இரண்டாம் யோவான் பவுலும் சிரியன் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தையும் கூட்டறிக்கையே வெளியிட்டார்கள். உடைந்தது மட்டும் இன்னும் ஒட்டவில்லை.

1054இல் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் ஒன்றையொன்று சபைநீக்கம் செய்தன. போப்புக்கு எல்லாத் திருச்சபை மீதும் நேரடி அதிகாரம் உண்டா என்பதுதான் வேர். விசுவாசப் பிரமாணத்தில் தூய ஆவி "தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்தும்" புறப்படுகிறார் என்று மேற்கத்தியர் சேர்த்த "மகனிடமிருந்தும்" இன்னொரு காரணம். கிழக்கத்தியர் அதை இன்றும் சொல்வதில்லை.

1517 அக்டோபர் 31இல் லூத்தர் பலன் (பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் சலுகை) விற்பனையை எதிர்த்து 95 வாதங்களை வெளியிட்டார். 1534இல் இங்கிலாந்து மன்னர் போப்பின் அதிகாரத்தைத் துண்டித்தார். அது ஆங்கிலிக்கன் சபை. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருக் கூட்டங்களிலிருந்து பெந்தெகொஸ்தே எழுப்புதல் உலகெங்கும் பரவியது.

எல்லோருக்கும் பொதுவாக எதுவுமே இல்லையா?

நிறைய உண்டு. 325இல் நீசேயாவில் எழுதி 381இல் நிறைவுசெய்த விசுவாசப் பிரமாணத்தை ஆர்.சி., ஆர்த்தடாக்ஸ், சி.எஸ்.ஐ., லுத்தரன் எல்லோரும் சொல்கிறார்கள். பெந்தெகொஸ்தேயினரில் பெரும்பாலோர் அதை வாசிப்பதில்லை. ஆனால் அதில் உள்ள திரித்துவம், கன்னியிடம் பிறப்பு, சிலுவை மரணம், உயிர்ப்பு, இரண்டாம் வருகை எல்லாவற்றையும் ஏற்கிறார்கள். இயேசு யார் என்பதில் இவர்களுக்குள் சண்டை இல்லை.

அப்படியென்றால் உண்மையான வேறுபாடு எது?

"யார் சொன்னால் அது முடிவு?" என்பதுதான். மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்து பிறக்கின்றன.

கத்தோலிக்கருக்கு வேதாகமமும் திருத்தூதர் மரபும் சேர்ந்தது ஆதாரம். அதற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு போப்போடு ஒன்றித்த ஆயர்களுடையது. போப் தவறா வரத்தோடு போதிக்க முடியும் என்று 1870இல் வரையறுத்தார்கள். அவர் சொல்வதெல்லாம் தவறாது என்று அதற்குப் பொருள் இல்லை. விசுவாசம், ஒழுக்கம் பற்றி முழுத் திருச்சபையையும் கட்டுப்படுத்தும் விதமாக முறைப்படி அறிவித்தால் மட்டுமே அது பொருந்தும். 1870க்குப் பிறகு ஐயமின்றி அப்படி நடந்தது ஒரே முறை: 1950இல் மரியாளின் விண்ணேற்பு. ஆர்த்தடாக்ஸுக்கு மரபு உண்டு, பொதுச் சங்கங்கள் உண்டு, போப் இல்லை. லுத்தரன், சி.எஸ்.ஐ. ஆகியோருக்கு வேதமே இறுதி அளவுகோல். பழைய பிரமாணங்களும் வழிபாட்டு முறையும் அதற்குக் கீழே நிற்கின்றன. பெந்தெகொஸ்தேயில் வேதம்தான் எல்லாம், நடைமுறையில் அந்தச் சபைப் பாஸ்டரின் விளக்கம் பெரிய எடை.

இரண்டாவது வேர், மனிதன் எப்படி நீதிமானாகிறான் என்பது. விசுவாசத்தால் மட்டும் என்றார் லூத்தர். அருளால்தான், ஆனால் அந்த அருள் மனிதனை உள்ளே மாற்றி நற்செயலில் ஒத்துழைக்க வைக்கிறது என்றது கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் (1545–63). 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்கில் லுத்தரன் உலக சம்மேளனமும் வத்திக்கானும் இதில் அடிப்படை உடன்பாட்டுக்குக் கையெழுத்திட்டன. "கத்தோலிக்கர் கிரியையால் மோட்சம் வாங்கப் பார்க்கிறார்கள்" என்று இன்னும் பிரசங்கிப்பவர்கள் அந்த உடன்பாட்டைப் படித்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திருப்பலியில் (கத்தோலிக்கப் பூசையில்) கொடுக்கும் அப்பத்தை வேறு சபையினர், இந்துக்கள் வாங்கலாமா?

வாங்கக் கூடாது. புதுச்சேரியில் கல்யாணத் திருப்பலிகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது. வரிசை நகர்கிறது, கூட வந்த நண்பர் பிரசாதம் என்று நினைத்துச் சேர்ந்துகொள்கிறார். குரு அப்பத்தை உயர்த்தி "கிறிஸ்துவின் உடல்" என்பார். வாங்குபவர் "ஆமென்" சொல்லி அங்கேயே உட்கொள்ள வேண்டும். தெரியாதவர் கையில் வைத்துக்கொண்டே இருக்கைக்குத் திரும்புவார், உபதேசியார் பின்னாலேயே ஓடுவார். அப்படி வாங்கிவிட்டால் பையில் போடாதீர்கள். குருவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒன்றும் சொல்ல மாட்டார். வரிசை வரும்போது பேசாமல் இருக்கையிலேயே இருந்துவிடுவது மரியாதைக் குறைவு இல்லை.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம், அப்பமும் இரசமும் உண்மையாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறிவிட்டன என்ற விசுவாசம். மீந்த அப்பத்தைப் பேழையில் வைத்துப் பூட்டி, அருகே அணையாத விளக்கு வைப்பதும் அதனால்தான். கத்தோலிக்கரே நன்மை (இந்த அப்பம்) வாங்க ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணாமல் இருக்க வேண்டும் (தண்ணீர், மருந்து பரவாயில்லை). சாவான பாவம் (பெரும் பாவம்) இருந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை.

லுத்தரன் போதனையில் அப்பம் அப்பமாகவே இருக்கிறது. அதனுள்ளும் அதனோடும் அதன் கீழும் கிறிஸ்துவின் உடல் மெய்யாக இருக்கிறது. சி.எஸ்.ஐ. இதற்கு ஒரே சூத்திரம் எழுதி எல்லோரையும் கட்டவில்லை. கிறிஸ்து பந்தியில் இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பெரும்பாலான பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், பிரதரன் சபைகளுக்கு அது நினைவுகூருதல். திராட்சை மதுவுக்குப் பதில் திராட்சைச் சாறும் வைப்பார்கள். ஆர்த்தடாக்ஸில் புளித்த மாவு அப்பம், கத்தோலிக்கத்தில் புளியாத கோதுமை அப்பம்.

திருப்பிக் கேட்டால், கத்தோலிக்கர் சி.எஸ்.ஐ. திருவிருந்தில் கலந்துகொள்ளலாமா? சி.எஸ்.ஐ. தரப்பில் பெரும்பாலும் தடை இருக்காது. தடை கத்தோலிக்கத் தரப்பில். ஆங்கிலிக்கன் குருப்பட்டத்தை ரோம் 1896இல் செல்லாது என்று அறிவித்தது, அந்த நிலை மாறவில்லை.

ஒரு முறை ஞானஸ்நானம் பெற்றவருக்கு மறுபடி கொடுப்பார்களா?

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன் மூன்றும் குழந்தைக்கே கொடுக்கின்றன. தண்ணீரும் தந்தை, மகன், தூய ஆவி பெயரும் இருந்தால் ஒருவர் கொடுத்ததை மற்றவர் ஏற்பார்கள். லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கராக வந்தால் விசுவாச அறிக்கையும் உறுதிப்பூசுதலும் மட்டுமே; தண்ணீர் மறுபடி இல்லை.

பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், பிரதரன் சபைகள் குழந்தைக்குக் கொடுத்ததை எண்ணுவதில்லை. தானே விசுவாசித்து அறிக்கையிட்ட பிறகு முழுக்கு ஞானஸ்நானம் "எடுக்க" வேண்டும். தொட்டி, ஆறு, கடல் எதுவானாலும் உடல் முழுதும் தண்ணீருக்குள் போய் வர வேண்டும். குழந்தைக்குப் பிரதிஷ்டை ஜெபம் மட்டும் செய்வார்கள். வீட்டில் தாத்தா பாட்டிக்கு இது வலிக்கும். பேரன் தன் முதல் ஞானஸ்நானத்தைத் தூக்கி எறிந்துவிட்டதாகத்தான் அவர்களுக்குப் படும்.

சிக்கல் வரும் இடம் "இயேசுவின் நாமத்தில் மட்டும்" கொடுக்கும் ஒருமைப் பெந்தெகொஸ்தே சபைகள். திரித்துவ வாய்பாடு இல்லாததால் கத்தோலிக்கம் அதை ஏற்காது. மார்மன் ஞானஸ்நானத்தையும் 2001இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. வாய்பாட்டில் ஒரு சொல் மாறினாலும் வினைதான்: "நான்" என்பதற்குப் பதில் "நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்" என்று சொன்னவை செல்லாது என 2020இல் வத்திக்கான் தீர்ப்புச் சொன்னது.

மருத்துவமனைகளுக்கு ஒரு குறிப்பு. கத்தோலிக்கக் குழந்தை உயிருக்குப் போராடுகிறது, குரு வர நேரமில்லை என்றால், யார் வேண்டுமானாலும், இந்து நர்ஸ்கூட, கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஓடும்படி ஊற்றி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்றால் போதும். பிறகு பங்கில் சொல்லிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான் புதுநன்மை (முதல் முறை நன்மை வாங்கும்) சமயத்தில் சான்றிதழ் கிடைக்காமல் அலைகிறார்கள்.

சி.எஸ்.ஐ. சித்தப்பா ஆர்.சி. குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்கலாமா?

ஞானத்தந்தையாக முடியாது, சாட்சியாக நிற்கலாம். கூட ஒரு கத்தோலிக்கர் ஞானப்பெற்றோராக இருக்க வேண்டும். அவருக்கு 16 வயது முடிந்திருக்க வேண்டும், உறுதிப்பூசுதல் பெற்றிருக்க வேண்டும், பெற்ற தாய் தகப்பனாக இருக்கக் கூடாது.

வேதாகமம் ஒன்றுதானே? கடையில் எதை வாங்குவது?

ஒன்று இல்லை. புராட்டஸ்டண்ட், பெந்தெகொஸ்தே சபைகளின் பரிசுத்த வேதாகமத்தில் 66 புத்தகம். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73. கூடுதலாக உள்ள ஏழு: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, இரண்டு மக்கபேயர் நூல்கள். எஸ்தரிலும் தானியேலிலும் கூடுதல் பகுதிகள் உண்டு. மறைக்கல்வி வகுப்புக்கு 66 புத்தக வேதாகமத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, தானியேல் 13ஆம் அதிகாரத்தில் சூசன்னாவைத் தேடினால் கிடைக்காது. அதில் தானியேல் 12 அதிகாரத்தோடு முடிகிறது.

தாத்தா காலத்துக் கத்தோலிக்க வேதாகமம் வீட்டில் இருந்தால் சங்கீத எண்ணைக் கவனியுங்கள். "ஆண்டவர் என் ஆயர்" இன்று 23. பழைய பதிப்பில் 22. நடுவில் பெரும்பாலான சங்கீதங்கள் இப்படி ஒன்று தள்ளி வரும். பெயர்களும் மாறும்: பழைய ஆர்.சி. புத்தகத்தில் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்றிருப்பவர்கள் பேதுரு, பவுல், யோவான்.

பத்துக் கட்டளைகூட மாறுமா?

கட்டளை மாறாது, எண் மாறும். விக்கிரகம் வேண்டாம் என்பதைக் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் முதல் கட்டளைக்குள்ளேயே அடக்கி, இச்சிப்பதைக் கடைசியில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். சி.எஸ்.ஐ.யிலும் மற்றச் சபைகளிலும் விக்கிரகம் தனியாக இரண்டாம் கட்டளை. ஆக "ஆறாம் கட்டளை" என்றால் ஆர்.சி.க்கும் லுத்தரனுக்கும் விபசாரம், சி.எஸ்.ஐ.க்குக் கொலை. வேத வினாடி வினா நடத்துபவர்கள் எந்த எண்ணிக்கை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும் இப்படி ஒரு இடறல் உண்டு. கலப்புத் திருமணத் திருப்பலியில் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்றதும் ஆர்.சி. பக்கம் நின்றுவிடும். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று பாதி வரி சென்று, சுற்றுமுற்றும் பார்த்து நிறுத்துவார்கள். திருப்பலியில் அந்த வரி உண்டு. குரு நடுவே ஒரு மன்றாட்டு சொன்ன பிறகு வரும்.

மாதாவை ஆர்.சி.க்காரர்கள் கும்பிடுகிறார்களா?

வழிபாடு கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம். இதுதான் கத்தோலிக்கப் போதனை. அவர்களிடம் கேட்பது பரிந்துரை. வில்லியனூர் லூர்து மாதா கோயிலிலோ அரியாங்குப்பத்திலோ தேர்பவனியைப் பார்க்கும் பெந்தெகொஸ்தேயினருக்கு இந்த வேறுபாடு கண்ணில் தெரியாது. அவர்கள் ஆட்சேபம் கொள்கை சார்ந்தது: மத்தியஸ்தர் இயேசு ஒருவரே, மரித்தவரிடம் வேண்டுதல் கூடாது.

ஜென்மராக்கினி மாதா என்ற பேராலயப் பெயர் குறிப்பது அமல உற்பவம். இதைப் பலர், கத்தோலிக்கரே, இயேசு கன்னியிடம் பிறந்ததோடு குழப்பிக்கொள்கிறார்கள். மரியாள் தன் தாயின் வயிற்றில் உருவான கணத்திலிருந்தே ஜென்மப் பாவம் இல்லாதவள் என்பதுதான் அது. 1854இல் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார்கள். ஆர்த்தடாக்ஸும் மாதாவை மிக உயர்வாகப் போற்றுகிறது, ஆனால் இந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை. லுத்தரனும் சி.எஸ்.ஐ.யும் மரியாளை மதிப்பார்கள், அவளை நோக்கி ஜெபிக்க மாட்டார்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் சி.எஸ்.ஐ.க்காரர்களும் போகிறார்களே?

போவது ஒன்று, எதற்கு என்பது வேறு. கத்தோலிக்கர் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, குரு தீர்த்தம் தெளிக்கக் காத்திருப்பது, உத்தரிக்கிற ஸ்தலத்தில் (மோட்சத்துக்கு முன் தூய்மை பெறும் நிலையில்) இருக்கும் ஆன்மாவுக்காக மன்றாட. இறந்தோருக்காகப் பலி ஒப்புக்கொடுப்பதற்கு வேத ஆதாரமாக அவர்கள் காட்டுவது 2 மக்கபேயர் 12. அந்தப் புத்தகமே மற்றவர் வேதாகமத்தில் இல்லை! சி.எஸ்.ஐ., லுத்தரன் குடும்பங்கள் பூ வைப்பதும் ஜெபிப்பதும் நினைவுக்கும் நன்றிக்கும் மட்டுமே. பெந்தெகொஸ்தேயினர் பெரும்பாலும் போவதில்லை. ஆர்த்தடாக்ஸ் இறந்தோருக்காக ஜெபிக்கும், உத்தரிக்கிற ஸ்தலம் என்று வரையறுக்காது.

உடலை எரிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கத்தோலிக்கத்தில் 1963 முதல் அனுமதி உண்டு. ஆனால் சாம்பலைக் கடலில் கரைப்பதோ வீட்டில் வைத்துக்கொள்வதோ கூடாது என்று 2016இல் வந்த அறிவுறுத்தல் சொல்கிறது. கல்லறையிலோ, கோயிலில் அதற்கென ஒதுக்கிய இடத்திலோதான் வைக்க வேண்டும்.

ஆர்.சி. பெண், லுத்தரன் அல்லது சி.எஸ்.ஐ. பையன். கல்யாணத்தை எங்கே, எப்படி வைப்பது?

மண்டபம் பிடிப்பதற்கு முன்பே பங்குத்தந்தையைப் பாருங்கள். பெரும்பாலான தகராறு, தேதியைக் குறித்துப் பத்திரிகை அடித்த பிறகு போவதால் வருகிறது.

ஞானஸ்நானம் பெற்ற வேறு சபையினரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். ஞானஸ்நானமே பெறாதவர் என்றால் அது தடை. விதிவிலக்கு இல்லாமல் திருமணம் செல்லாது. இரண்டுக்கும் கத்தோலிக்கத் தரப்பு, தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததெல்லாம் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர் கையெழுத்திட்டு மதம் மாற வேண்டியதில்லை. இந்த வாக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். பையன் வீட்டார் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு முறைத்துக்கொள்வது வழக்கம்.

கல்யாணம் லுத்தரன் கோயிலில்தான் என்றால் முறைமை விலக்கு (கத்தோலிக்க முறைப்படி நடத்துவதிலிருந்து விலக்கு) என்று இன்னொரு அனுமதி தேவை. அது இல்லாமல் நடந்தால் சட்டப்படி செல்லும், கத்தோலிக்கத் திருச்சபையின் கண்ணில் செல்லாது. பெண் நன்மை வாங்க முடியாது. மூன்று ஞாயிறு ஓலை (கோயிலில் திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். ஞானஸ்நானம் நடந்த பங்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் புதிதாக வாங்கியதைத்தான் கேட்பார்கள். முன்பு திருமணம் நடந்திருந்தால் அந்தப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்திருப்பார்கள், அதைப் பார்க்கத்தான்.

நாட்டுச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். காலை 6 முதல் மாலை 7க்குள் நடக்க வேண்டும். சிறப்பு உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆயர் அமைப்புள்ள சபைகளின் குருக்களுக்கு நடத்தும் அதிகாரம் உண்டு. தனிச் சபைப் பாஸ்டர் என்றால் அரசு உரிமம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்; உரிமம் இல்லாமல் நடத்துவது அதே சட்டத்தின் 68ஆம் பிரிவில் குற்றம். பின்னால் பாஸ்போர்ட், விசா எடுக்கும்போது சான்றிதழ் செல்லவில்லை என்று திண்டாடுவது தம்பதிகள்தான். புதுச்சேரியில் ரெனோன்சான் குடும்பங்கள், அதாவது 1881 ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தோர், பதிவுமுறையை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

தாலி ஆர்.சி.யிலும் உண்டு, சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளிலும் உண்டு. நகையே கூடாது என்னும் பெந்தெகொஸ்தே சபைகளில் தாலியும் மோதிரமும் இருக்காது. பெண் வீட்டார் இதை முகூர்த்தத்தன்று தெரிந்துகொள்ளக் கூடாது.

ஃபாதர், ஐயர், பாஸ்டர்: யாரை எப்படிக் கூப்பிடுவது? யாருக்குக் கல்யாணம் உண்டு?

ஆர்.சி. குருவை ஃபாதர், சாமி என்பார்கள், கல்யாணம் இல்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன் போதகரை ஐயர் அல்லது ஐயா என்பார்கள், குடும்பஸ்தர். பெந்தெகொஸ்தேயில் பாஸ்டர், அவர் மனைவி பாஸ்டரம்மா. தி பெந்தெகொஸ்தே மிஷன் ஊழியர்கள் மட்டும் வெள்ளுடை அணிந்து, மணம் செய்யாமல் விசுவாச வீட்டில் வாழ்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் அச்சன் பட்டம் பெறுமுன் மணம் செய்திருக்கலாம், ஆயர்கள் துறவிகள். பெண்களுக்குக் குருப்பட்டம் ஆர்.சி.யிலும் ஆர்த்தடாக்ஸிலும் இல்லை. சி.எஸ்.ஐ.யில் உண்டு, 2013இல் நந்தியால் பேராயராக ஒரு பெண்ணே பொறுப்பேற்றார்.

பெந்தெகொஸ்தே சபைகளுக்குள் வேறுபாடு உண்டா? அந்நியபாஷை பேசும் ஆர்.சி.க்காரர்களும் இருக்கிறார்களே?

ஏகப்பட்ட வேறுபாடு. ஆவியின் அபிஷேகம் ஞானஸ்நானத்துக்குப் பின் தனியாக வரும் அனுபவம், அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் கற்காத மொழியில் பேசுவது) அதன் அடையாளம் என்பது பொது. நகை, மருந்து, தசமபாகம் பற்றிய கண்டிப்பு சபைக்குச் சபை மாறும். தெய்வீகச் சுகத்தை எல்லோரும் நம்புகிறார்கள், ஆனால் அசெம்பிளிஸ் ஆஃப் காட் போன்ற பெரிய சபைகள் மருத்துவத்தைத் தடுப்பதில்லை. சர்க்கரை, வலிப்பு மாத்திரைகளை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் அது பெந்தெகொஸ்தேயின் பொதுப் போதனை இல்லை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கத்தோலிக்கத்தில் 1967இல் அமெரிக்காவில் தொடங்கிய அருங்கொடை இயக்கம் உண்டு. அங்கும் கைதட்டல், அந்நியபாஷை, குணமளிக்கும் ஜெபம் எல்லாம் இருக்கும். முடிவில் நற்கருணை ஆராதனையும் இருக்கும். அடையாளம் அதுதான்.

ஜிப்மரில் வேலை செய்யும் மலையாளிகள் எந்தச் சபை?

பெயரைக் கேட்டுச் சொல்ல முடியாது. சீரோ மலபார், சீரோ மலங்கரா இரண்டும் போப்போடு ஒன்றித்த கத்தோலிக்கம். வழிபாட்டு முறைதான் வேறு. அவர்கள் நம் ஊர் ஆர்.சி. கோயிலில் தாராளமாக நன்மை வாங்கலாம். மலங்கரா ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயர் போப்பின் கீழ் இல்லை. மார்த்தோமா சபை 19ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தம் கண்டது, சி.எஸ்.ஐ.யோடு திருவிருந்து உறவு வைத்திருக்கிறது.

சனிக்கிழமை ஆராதனைக்காரர்கள், யெகோவா சாட்சிகள்?

ஏழாம் நாள் அட்வெந்து சபை திரித்துவத்தை ஏற்கும் புராட்டஸ்டண்ட் வழிச் சபை. சனிக்கிழமை ஓய்வுநாள், பன்றி இறைச்சி கிடையாது, மரித்தவர் உயிர்த்தெழும்வரை உறக்கத்தில் இருக்கிறார் என்ற போதனை. யெகோவா சாட்சிகள் திரித்துவத்தை மறுக்கிறார்கள். இரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், கிறிஸ்துமஸும் பிறந்தநாளும் கொண்டாட மாட்டார்கள். தங்களைக் கிறிஸ்தவர் என்கிறார்கள்; மற்றச் சபைகள் அப்படி ஏற்பதில்லை.

தவக்காலத்தில் கறி மீன் சாப்பிடலாமா?

ஆர்.சி. விதி பலர் நினைப்பதைவிட லேசானது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு: ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிறு உணவு, 18 வயது முடிந்தவர்முதல் 59 வயது முடியும்வரை. இந்த இரண்டு நாளும் தவக்கால வெள்ளிகளும் 14 வயது முடிந்தவர்களுக்கு இறைச்சி கிடையாது. மீனுக்குத் தடை இல்லை. நாற்பது நாளும் சுத்த சைவம் என்பது வீட்டு வழக்கம். மலங்கரா ஆர்த்தடாக்ஸின் ஐம்பது நோன்பில் இறைச்சி, மீன், முட்டை, பால் நான்கும் இல்லை. சி.எஸ்.ஐ., லுத்தரனில் லெந்து அவரவர் விருப்பம். பெந்தெகொஸ்தே லெந்து பார்ப்பதில்லை. அவர்களுக்கு உபவாச ஜெபம் ஆண்டு முழுதும் உண்டு.

ஆர்.சி.யாக இருந்து பெந்தெகொஸ்தேக்குப் போய், அங்கேயே கல்யாணமும் முடித்தேன். இப்போது திரும்ப வரலாமா?

வரலாம். மறு ஞானஸ்நானம் கேட்க மாட்டார்கள், பாவசங்கீர்த்தனம் போதும். கல்யாணம்தான் சிக்கல். முறைப்படி விலகியவர் மீது கத்தோலிக்கத் திருமண முறைமை கட்டுப்படுத்தாது என்று முன்பு ஒரு விலக்கு இருந்தது. 2009இல் வந்த திருத்தத்தால் அது எடுபட்டது. எனவே அதற்குப் பின் வெளியே நடந்த திருமணத்தைக் குரு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு செல்லுபடியாக்க வேண்டும். சிறிய சடங்குதான், மண்டபம் தேவையில்லை. இருவரின் ஞானஸ்நானச் சான்றிதழ், நடந்த திருமணத்தின் பதிவுச் சான்றிதழ், அதற்கு முன் இருவருக்கும் வேறு திருமணம் இல்லை என்பதற்கான சான்று ஆகியவற்றோடு பங்கு அலுவலகத்துக்குப் போங்கள். துணைவர் பெந்தெகொஸ்தேயிலேயே இருப்பதானால் மேலே சொன்ன கலப்புத் திருமண அனுமதியும் சேரும். அவர் மறுபடி சம்மதம் சொல்ல மறுத்தால், அது இல்லாமலே மூலத்திலிருந்து செல்லுபடியாக்கும் வழி ஒன்று ஆயரிடம் உண்டு. அதற்கு மனு எழுதுவதைப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்வார்.